ஒரே கூடத்தில் ஐந்து பேரா, ஒவ்வொருவராகவா? எங்கள் ஆல்பத்துக்கு நாங்கள் எடைபோட்ட மூன்று வழிகள்

ஒன்பது பாட்டு தயார். பொதுப் பணம் 1,80,000 ரூபாய் இருக்கிறது. ஐந்து பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது தை மாதக் கடைசியில் பத்து நாள். இதை வைத்துக்கொண்டு ஆல்பத்தை எங்கே, எப்படிப் பதிவு செய்வது என்று மூன்று மாதமாகப் பேசி, ஒரு முறை சண்டையும் போட்டு, இப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். சொந்தமாகப் பாட்டு எழுதி, நாட்டுப்புற மெட்டும் ராக்கும் கலந்து வாசிக்கிற சின்னக் குழு எதுவாக இருந்தாலும் இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும், அதனால் நாங்கள் யோசித்ததை முழுசாக எழுதிவைக்கிறேன்.

எங்கள் குழுவில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிற ஒருத்தி, எலெக்ட்ரிக் கிட்டார், வயலின், டிரம்ஸ், பேஸ் கிட்டார். பேஸ் நான். இரண்டு பாட்டுக்குப் பறை உண்டு, அதற்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் வருவார். எங்கள் முன்னால் இருந்த வழிகள் மூன்று. சென்னையில் ஒரு ஸ்டுடியோவை வாடகைக்கு எடுப்பது. பல்லாவரத்தில் என் வீட்டு அறையில் ஒவ்வொருவராக வாசித்து, அந்தப் பதிவுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது. இல்லையென்றால், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் டிரம்ஸ் வாசிக்கிற தம்பியின் தாத்தா வீடு இருக்கிறது, பழைய ஓட்டு வீடு, அங்கே போய் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பது. நான் மூன்றாவதின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மற்ற இரண்டையும் லேசாகத் தள்ளிவிட்டு இங்கே வரவில்லை.

வீட்டில் ஆல்பம் என்று பேச்சு எடுத்தாலே எல்லோரும் ஒரே உதாரணத்தைத்தான் சொல்வார்கள். பான் இவெர் என்ற பெயரில் அமெரிக்கப் பாடகர் ஜஸ்டின் வெர்னன் செய்த முதல் ஆல்பம். இருந்த குழு கலைந்துபோய், வடக்கு கரோலினாவிலிருந்து சொந்த ஊர்ப் பக்கம் திரும்பி, 2006-07 குளிர்காலத்தில் விஸ்கான்சினில் அப்பாவின் வேட்டைக் குடிலில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கி, பெரும்பகுதியை அங்கேயே பதிவு செய்தார். ஒரு ஷ்யூர் எஸ்எம்57 மைக், ஒரு பழைய மேக் கம்ப்யூட்டர், அவ்வளவுதான் கருவி. 2007ல் தானே 500 சிடி போட்டார், 2008ல் ஜாக்ஜாகுவார் நிறுவனம் வெளியிட்டது. இன்னும் பழைய உதாரணம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’. 1982 ஜனவரி 3 அன்று நியூ ஜெர்சியில், வாடகை வீட்டில், நான்கு ட்ராக் மட்டுமே உள்ள டியாக் கேசட் மெஷினில் அதில் பெரும்பாலான பாடல்களைப் பதிவு செய்துவிட்டார்.

இரண்டுமே எனக்கு உயிர். ஆனால் இரண்டிலும் இருப்பது ஒரே ஆள். இதை நாங்கள் கவனிக்கவே ரொம்ப நாள் ஆயிற்று. வெர்னன் தன் குரலையே திரும்பத் திரும்பப் பாடி அடுக்கினார், அவர் ஒருவரே தனக்குத் துணை. குடிலில் அப்படி ஆரம்பித்தவர், பிறகு ஃபால் கிரீக் என்ற ஊரில் பழைய கால்நடை மருத்துவமனை ஒன்றை வாங்கி ஸ்டுடியோவாக மாற்றி, 2011ல் வந்த அடுத்த ஆல்பத்தை அங்கே செய்தார். ‘நெப்ராஸ்கா’ கதை இன்னும் தெளிவானது. அந்த வீட்டுக் கேசட் முதலில் வெறும் மாதிரிப் பதிவுதான். அதே பாட்டுகளைத் தன் குழுவோடு நியூயார்க்கில் பெரிய ஸ்டுடியோவில் வாசித்துப் பார்த்தார், கேசட்டில் இருந்த அந்த இருட்டு அங்கே வரவில்லை, கடைசியில் கேசட்டையே ஆல்பமாகப் போட்டார்கள். தனியாகப் பாடிய பாட்டு குழுவுக்குள் உட்கார மறுத்தது. அப்படியானால் குழுவாகப் பிறந்த பாட்டை ஒவ்வொருவராகப் பிரித்தால் என்ன ஆகும்? எங்கள் கேள்வி அங்கேதான் இருந்தது.

அதற்கு எனக்குப் பதில் சொன்னவர்கள் ‘தி பேண்ட்’ என்ற ராக் குழு. நான்கு கனடாக்காரர்கள், ஆர்கன்சாவிலிருந்து ஒரு டிரம்மர். 1967ல் நியூயார்க் மாநிலத்தில் வெஸ்ட் சாகெர்டீஸ் என்ற இடத்தில் இளஞ்சிவப்பு வண்ணம் அடித்த ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அதன் நிலவறையில் பாப் டிலனோடு மாதக்கணக்கில் வாசித்தார்கள், குழுவில் ஒருவரான கார்த் ஹட்சன் டேப்பில் பதிந்துகொண்டே இருந்தார். மறுவருஷம் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கு அந்த வீட்டின் பெயரையே வைத்தார்கள், அதனால் அது அந்த நிலவறையில் பதிவானது என்று நானும் வருஷக்கணக்கில் நினைத்திருந்தேன். அது நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஸ்டுடியோக்களில் பதிவானது. அங்கே முதலில் ஒவ்வொருவரையும் தடுப்பு வைத்துப் பிரித்து உட்கார வைத்தபோது வாசிப்பு கூடிவரவில்லை, நிலவறையில் உட்கார்ந்த மாதிரியே ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வட்டமாக உட்கார்ந்த பிறகுதான் பாட்டு வந்தது என்று அந்தக் குழுவின் கிட்டார்க்காரர் ராபி ராபர்ட்சன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆல்பத்துக்கு அவர்கள் ஸ்டுடியோவை விட்டே வெளியே வந்தார்கள். 1969 தொடக்கத்தில் ஹாலிவுட் மலைப் பகுதியில் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியருக்குச் சொந்தமான வீட்டை வாடகைக்கு எடுத்து, நீச்சல் குளத்தை ஒட்டி இருந்த சின்னக் கட்டடத்தைப் பதிவறையாக மாற்றி, அங்கேயே தங்கி, சமைத்துச் சாப்பிட்டு வாசித்தார்கள். அந்த டிரம்ஸ் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள், எதிரொலி இல்லாமல், வறண்டு, காய்ந்த கட்டையைத் தட்டுகிற மாதிரி நெருக்கமாக இருக்கும். பெரிய ஹாலில் அது வந்திருக்காது.

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: வீடா ஸ்டுடியோவா என்பது இரண்டாவது கேள்வி, சேர்ந்து வாசிப்பதா தனித்தனியாக வாசிப்பதா என்பதுதான் முதல் கேள்வி. ஸ்டுடியோவிலும் சேர்ந்து வாசிக்கலாம். பிக் தீஃப் குழு 2019ல் ஐந்து மாத இடைவெளியில் இரண்டு ஆல்பம் வெளியிட்டது, அதில் இரண்டாவதை டெக்சாஸில் டோர்னியோ என்ற இடத்தில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஸ்டுடியோவில், பாடகியின் குரல் உட்பட ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒன்றாக வாசித்தே பதிவு செய்தார்கள். அதனால் ஸ்டுடியோ என்றாலே கண்ணாடிக் கூண்டு என்று நினைக்கவேண்டாம்.

சரி, ஸ்டுடியோவை முதலில் பார்ப்போம். நாங்கள் சென்னையில் மூன்று இடங்கள் போய்ப் பார்த்தோம். எங்களுக்குப் பிடித்த இடத்தில் மணிக்கு 1,000 ரூபாய் சொன்னார்கள், சவுண்ட் இன்ஜினியர் கட்டணமும் அதிலேயே அடங்கும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், பத்து நாள், அதுவே ஒரு லட்சம். மிக்ஸிங், அதாவது பதிந்த சத்தங்களை அளவு பார்த்துக் கலப்பது, பாட்டுக்கு 6,000 வீதம் 54,000, மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் செய்கிற கடைசி மெருகு, பாட்டுக்கு 1,500 வீதம் 13,500. மொத்தம் 1,67,500. கையில் மிஞ்சுவது 12,500. கணக்கில் அடங்கத்தான் செய்கிறது. கிடைப்பதும் பெரிது: டிரம்ஸுக்கு என்றே பண்படுத்திய அறை, நாங்கள் வாங்கவே முடியாத மைக்குகள், வெளிச்சத்தம் துளியும் இல்லை, அப்புறம் எல்லாவற்றையும்விட முக்கியமாக, பட்டனை அழுத்துவதும் சத்த அளவைப் பார்ப்பதும் இன்னொருவர் வேலை. இன்னொன்றும் உண்டு. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் ஓடும்போது குழு தயாராக வரும், யாரும் அங்கே போய் உட்கார்ந்து வரிகளை மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். பிளஸ் டூ தேர்வுக்குப் படிப்பது மாதிரி, தேதி இருந்தால்தான் சில பேருக்கு வேலை நடக்கும், அது ஒரு குறையே இல்லை.

ஆனால் அந்தக் கடிகாரம் எங்கள் பாடகிக்கு ஒத்துவரவில்லை. இரண்டு வருஷம் முன்பு ஒரே ஒரு பாட்டை ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்தோம், நான்கு மணி நேரம் வாங்கியிருந்தோம். முதல் இரண்டு மணி நேரம் டிரம்ஸ் மைக் வைப்பதிலேயே போனது. அவள் பாட நின்றபோது மிச்சம் நாற்பது நிமிஷம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்ஃபோனில் தன் குரல் மட்டும் பளிச்சென்று கேட்க, நாங்கள் யாரும் கூட வாசிக்காமல் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவள் பாடியது சுத்தமாக இருந்தது. சுருதி, தாளம், உச்சரிப்பு எல்லாம் சரி. ஆனால் அந்தப் பாட்டை அவள் எங்களோடு பாடும்போது இரண்டாவது சரணத்தில் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் தங்கி, வயலின் வந்து சேர்கிற இடத்தில் ஒரு மூச்சு விட்டுத் தொடருவாள், அது அங்கே இல்லை. வயலினே அங்கே இல்லையே, எப்படி இருக்கும்.

இரண்டாவது வழி, வீட்டு அறையில் ஒவ்வொருவராக அடுக்குவது. இதை நாங்கள் செய்தே பார்த்திருக்கிறோம், நான்கு பாட்டு, என் அறையில், எட்டு மாதம். இந்த வழியின் மேல் எனக்கு நன்றியும் உண்டு, பதிவு செய்வது என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டதே அதில்தான். செலவு இருப்பதிலேயே குறைவு. லேப்டாப், இரண்டு மைக்கை மாட்டி அதன் சத்தத்தை லேப்டாப்புக்கு அனுப்புகிற ஒரு இன்டர்ஃபேஸ், ஒரு எஸ்எம்57, நல்ல ஹெட்ஃபோன், ரீப்பர் மாதிரி ஒரு மென்பொருள், இவை இருந்தால் ஆரம்பித்துவிடலாம். தப்பு வந்தால் அந்த இரண்டு வரியை மட்டும் திரும்ப வாசிக்கலாம். ஆபீஸ் முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருவர் மட்டும் வந்து தன் பகுதியை வாசித்துவிட்டுப் போகலாம். ஒருவர் பெங்களூரில், ஒருவர் மதுரையில் என்று பிரிந்திருக்கிற குழுவுக்கு வேறு வழியே கிடையாது, அவர்கள் இதைத் தயங்காமல் எடுக்கலாம்.

பிரச்சினைகள் இரண்டு. ஒன்று அறை. நம் ஊர் வீடுகளில் படுக்கை அறை என்றால் பத்துக்குப் பத்து, மேல்தளமும் பத்து அடி. கிட்டத்தட்ட ஒரு கனசதுரப் பெட்டி. பத்து அடி என்பது ஏறக்குறைய 3.05 மீட்டர், ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி தங்கி முழங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றே என்பதால் மூன்று திசையிலும் அதே இடத்தில் முழங்கும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். ஏ ஸ்வரம் வருகிறபோதெல்லாம் அறை கூடவே குமுறியது, ஒரு அடி தள்ளி உட்கார்ந்தால் அதே ஸ்வரம் காணாமல் போனது. நான் வாசிப்பதில்தான் குறை என்று நினைத்து மூன்று வாரம் விரல் பழகினேன். முட்டை அட்டையும் மெல்லிய ஃபோமும் ஒட்டினால் சரியாகும் என்று சொல்வார்கள், அவை மேல் ஸ்தாயியில் வருகிற கீச்சைத்தான் கொஞ்சம் உறிஞ்சும், இந்தக் குமுறலை ஒன்றும் செய்யாது, வெளிச்சத்தத்தையும் தடுக்காது. மூலையில் நிறுத்திய கனத்த இலவம்பஞ்சு மெத்தையும், கதவைத் திறந்து வைத்த துணி பீரோவும் அதைவிட நன்றாக வேலை செய்தன. பல்லாவரத்தில் தலைக்கு மேல் விமானம், பக்கத்தில் மின்சார ரயில். மின்விசிறியை நிறுத்தினால்தான் பாட முடியும், நிறுத்தினால் பத்து நிமிஷத்தில் வியர்வையில் வயலின் சுருதி நழுவும். இதையெல்லாம் சமாளிக்கலாம், சமாளித்தோம்.

சமாளிக்க முடியாதது இரண்டாவது பிரச்சினை. அடுக்கிப் பதிவு செய்வதென்றால் எல்லோரும் பொதுவாக ஒன்றைப் பின்பற்ற வேண்டும், அது காதில் டிக் டிக் என்று ஓடுகிற க்ளிக். எங்கள் பாட்டுகள் நடவுப் பாட்டின் நடையில் வளர்ந்தவை, சரணத்தில் மெல்லத் தளர்ந்து பல்லவிக்கு வரும்போது லேசாக முந்தும், அந்த ஏற்ற இறக்கத்தை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, டிரம்ஸ் தம்பி பாடகியின் தோளைப் பார்த்துக்கொண்டு செய்வது அது. க்ளிக் அதைத் துடைத்துவிட்டது. முடிவே இல்லாமல் போனது இன்னொரு துன்பம். எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் யாரும் இது போதும் என்று சொல்வதில்லை. ஒரு பாட்டின் குரலுக்கு மட்டும் என் லேப்டாப்பில் நாற்பத்தொரு டேக், அதாவது நாற்பத்தொரு முறை பாடிய பதிவு, இருந்தது, நாங்கள் கடைசியில் எடுத்துக்கொண்டது மூன்றாவது டேக். அதற்குப் பிறகு வந்த முப்பத்தெட்டைப் பாடியபோது அவளுக்கு அந்தப் பாட்டின் மேலிருந்த ஆசையே குறைந்துபோனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதனால்தான் இந்த ஆல்பத்துக்கு இந்த வழி வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது மூன்றாவது வழி. இதற்காக ஐப்பசியில் இரண்டு நாள் அந்தக் கிராமத்து வீட்டுக்குப் போய் இரண்டு பாட்டைச் சோதனையாகப் பதிந்து பார்த்தோம். கூடம் ஏறக்குறைய பதினெட்டு அடிக்குப் பன்னிரண்டு. மேலே சரிந்த ஓட்டுக் கூரை, மர உத்திரம், சட்டங்கள். தரைக்கு இணையாகத் தட்டையான தளம் கிடையாது, அதனால் ஒலி மேலும் கீழுமாக ஒரே இடத்தில் தங்கி முழங்குவதில்லை. ஒரு பக்கம் முற்றத்துக்குத் திறந்திருக்கிறது, பெரும்பாலான சத்தம் அந்த வழியாக வெளியே போய்விடுகிறது. குறுவை நெல் மூட்டைகளை ஒரு சுவர் ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள், பேஸ் ஆம்ப்பை, அதாவது பேஸின் சத்தம் வருகிற பெட்டியை, அதை ஒட்டி வைத்தேன், பல்லாவரத்தில் நான் மாதக்கணக்கில் போராடிய குமுறல் அங்கே வரவே இல்லை. ஜமுக்காளம் இரண்டை டிரம்ஸுக்கு அடியில் விரித்தோம். இவ்வளவுதான் நாங்கள் அறைக்குச் செய்தது.

சேர்ந்து வாசிக்கும்போது ஒரு மைக்கில் பக்கத்து வாத்தியமும் புகும், இதை ப்ளீட் என்பார்கள், வீட்டில் பதிவு செய்கிறவர்கள் பேயைப் போலப் பயப்படுவது இதற்குத்தான். பயம் நியாயமானது. ஒரே சத்தம் இரண்டு மைக்குக்கு வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேரும், ஒரு மீட்டர் வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட், இரண்டையும் கலந்தால் சில ஸ்வரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு மீட்டர் வித்தியாசத்தில் முதலில் அடிபடுவது 170 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம், கிட்டாரின் அடி வயிறு அங்கேதான் இருக்கிறது. இதற்குப் பழைய இன்ஜினியர்கள் வைத்திருக்கும் விதி எளிமையானது: மைக்குக்கும் அதன் வாத்தியத்துக்கும் ஒரு சாண் என்றால், அடுத்த மைக் குறைந்தது மூன்று சாண் தள்ளி இருக்கவேண்டும். இன்னொன்று, எஸ்எம்57 போன்ற கார்டியாய்டு மைக்குகளுக்கு முதுகுப் பக்கம் காது மந்தம், அதனால் பாடகி டிரம்ஸைப் பார்த்து உட்கார்ந்து பாடினாள், அவள் மைக்கின் முதுகு டிரம்ஸின் பக்கம். அவனும் அவளும் முகம் பார்த்துக்கொண்டார்கள், மைக்குக்கு டிரம்ஸ் குறைவாகக் கேட்டது. இரண்டு நன்மை ஒரே ஏற்பாட்டில்.

ஆனால் மைக்கை எப்படி வைத்தாலும் தீராத ஒன்று டிரம்ஸின் பலம். முதல் நாள் காலை தம்பி எப்போதும் போல வாசித்தான், குரல் மைக்கைத் தனியாகக் கேட்டால் அதில் அவள் குரலைவிட சிம்பல் என்கிற உலோகத் தட்டின் சத்தம்தான் அதிகம் இருந்தது. மத்தியானம் ஹெட்ஃபோனை எல்லாம் கழற்றிவிட்டு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம்: மைக்கில்லாமல் பாடுகிறவள் குரல் கூடத்தில் நான்கு பேருக்கும் தெளிவாகக் கேட்கவேண்டும், கேட்கவில்லை என்றால் கேட்கும் வரை நாம் சத்தத்தைக் குறைக்கவேண்டும். தம்பி குச்சியை வைத்துவிட்டு மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராட்ஸ் எடுத்தான், ஸ்னேர் டிரம் மேல் ஒரு மடித்த துண்டைப் போட்டான், எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்பை ஸ்டூலில் ஏற்றிக் காதுக்கு நேராக வைத்து அளவைப் பாதியாக்கினோம். அன்றைக்குச் சாயங்காலம் பதிந்த மூன்றாவது டேக்கில் ப்ளீட் இருக்கத்தான் இருந்தது, ஆனால் அது எங்கள் ஐந்து பேரும் ஒரு வீட்டில் இருப்பது மாதிரி கேட்டது, அழுக்காகக் கேட்கவில்லை. நான் அதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன், எங்கள் பாட்டை இவ்வளவு நாளாக மரியாதைக்குக் கேட்டவர், ஒரு வரியை மட்டும் திரும்பப் போடச் சொன்னார்.

இந்த வழியின் குறைகளையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அவை சின்னவை இல்லை. பாடுகிறவர் ஒரு வார்த்தை தப்பினால் அதை மட்டும் மாற்ற முடியாது, எல்லா மைக்கிலும் அந்தத் தப்பு இருக்கும், முழு டேக்கையும் திரும்ப வாசிக்கவேண்டும். குழுவில் ஒருவர் பலவீனமாக இருந்தால் மற்ற நால்வரும் அவருக்காகக் காத்திருக்கவேண்டும். மிக்ஸிங்கில் பிறகு குரலை மட்டும் தூக்கினால் டிரம்ஸும் கூட எழும். அதாவது பெரும்பாலான முடிவுகளை வாசிக்கும்போதே எடுத்தாகவேண்டும். எங்கள் பாட்டுகளை இரண்டு வருஷமாக மேடையில் வாசித்து வருகிறோம், அதனால்தான் துணிகிறோம். பாதி எழுதிய பாட்டோடு இந்த வழிக்குப் போகவே போகாதீர்கள். டிரம்ஸை ஓங்கி அடித்தால்தான் பாட்டே பாட்டு என்கிற குழுவுக்கும் இது ஆகாது, அவர்களுக்கு ஸ்டுடியோதான் சரி.

இன்னொரு முக்கியமான விஷயம், இதில் நான் பிடிவாதமாக நின்றேன்: குழுவில் வாசிக்கிற யாரும் லேப்டாப்பைத் தொடக்கூடாது. அடுக்கிப் பதிந்த அந்த எட்டு மாதமும் நான்தான் பட்டனை அழுத்தினேன், ஃபைலுக்குப் பெயர் வைத்தேன், ஒருவர் வாசிக்கும்போது அளவு சிவப்புக்குப் போகிறதா என்று பார்த்தேன். அந்த நாலு பாட்டிலும் மோசமாக வாசிக்கப்பட்ட வாத்தியம் பேஸ்தான். கண் திரையில் இருந்தால் காது அங்கே போகாது. இந்த முறை தெரிந்த சவுண்ட் இன்ஜினியர் ஒருவரை நாளுக்கு 4,000 என்று எட்டு நாளைக்குக் கேட்டிருக்கிறோம், 32,000. மைக், ஸ்டாண்ட், எட்டு மைக் மாட்டுகிற இன்டர்ஃபேஸ் வாடகை 18,000. வேன் போக வர 14,000. சாப்பாடு 16,000, தாத்தா வீட்டில் வாடகை வாங்க மாட்டோம் என்கிறார்கள், அரிசி மளிகையாவது நாங்கள் வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று அதில் சேர்த்திருக்கிறோம். ஆக 80,000. மிக்ஸிங்கும் மாஸ்டரிங்கும் ஸ்டுடியோ வழியில் போட்ட அதே 67,500, ஏனென்றால் அதை நாங்களே செய்வதில்லை என்று முடிவு. பத்து நாள் ஒரே பாட்டைக் கேட்ட காது அதை மிக்ஸ் செய்ய லாயக்கில்லை, புதுக் காது வேண்டும். மொத்தம் 1,47,500. மிச்சம் 32,500. ஸ்டுடியோவைவிட 20,000 குறைவுதான், அதனால் காசை மிச்சம் பிடிக்க இந்த வழிக்கு வந்தோம் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்தக் காசுக்கு அங்கே கிடைப்பது மணிக்கணக்கு, இங்கே கிடைப்பது எட்டு முழு நாள், காலையில் வாசித்து, வாய்க்கால் வரை நடந்துவிட்டு வந்து, ராத்திரி அதே பாட்டைத் திரும்ப வாசிக்க முடிகிற நாள்கள்.

எட்டு மைக் என்றேன். எண்ணிப் பார்த்தால் ஒன்பது வேண்டியிருந்தது. டிரம்ஸுக்கு இங்கிலாந்து இன்ஜினியர் கிளின் ஜான்ஸ் வழியில், மேலே ஒன்று, தரையில் நிற்கிற டாம் டிரம் பக்கம் பக்கவாட்டில் ஒன்று, இரண்டும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில், அப்புறம் காலால் அடிக்கிற கிக் டிரம்முக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று என நான்கு வைக்கலாம் என்று நினைத்தோம். அதோடு பேஸ், எலெக்ட்ரிக், அக்கூஸ்டிக், வயலின், குரல். ஸ்னேர் மைக்கை விட்டுவிட்டோம். சோதனைப் பதிவில் துண்டு போட்ட ஸ்னேர் மேலே இருக்கிற மைக்கிலேயே போதுமான அளவு கேட்டது, அதை இழந்ததாகத் தோன்றவில்லை.

தை மாதக் கடைசி என்பதில்தான் இன்னும் எனக்குக் கவலை. மின்விசிறி இல்லாமல் கூடத்தில் உட்கார முடிகிற பருவம் அது, அதனால்தான் தேர்ந்தெடுத்தோம். ஆனால் அதே நேரம் சம்பா அறுவடை, பகலெல்லாம் அறுவடை இயந்திரம் ஓடும். தை முகூர்த்த மாதம், பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம் என்றால் ஒலிபெருக்கி இரண்டு நாளைக்கு நிற்காது. தாத்தாவிடம் பேசி ஊரில் எந்தத் தேதியில் என்ன விசேஷம் என்று கேட்டு வாங்கியிருக்கிறோம், ஒரு கல்யாணமும் ஒரு காதுகுத்தும் இருக்கின்றன, அந்த நாள்களை விட்டுவிட்டு மற்ற நாள்களில் விடியற்காலை ஐந்திலிருந்து எட்டு வரையும், ராத்திரி எட்டிலிருந்து பன்னிரண்டு வரையும் பதிவு. மின்வெட்டு வந்தால் லேப்டாப் தாங்கும், இன்டர்ஃபேஸ் தாங்காது, வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டினால் கிட்டாரில் ரீங்காரம் ஏறுகிறது என்று சோதனையிலேயே பார்த்துவிட்டோம். அதனால் சுத்தமான சைன் அலை தருகிற இன்வெர்ட்டர் ஒன்றைக் கடன் கேட்டு வைத்திருக்கிறோம்.

பறை உள்ள இரண்டு பாட்டுக்கு மட்டும் எங்கள் விதியை நாங்களே மீற வேண்டியிருக்கிறது. பறையைக் கூடத்துக்குள் வாசித்தால் வேறு எதுவும் கேட்காது, மெதுவாக வாசிக்கச் சொல்வது பறைக்கும் மரியாதை இல்லை, அண்ணனுக்கும் மரியாதை இல்லை. அதோடு தோலைத் தீயில் காய்ச்சி முறுக்கேற்றியபின்தான் அது பேசும், பல்லாவரம் மாடி வீட்டில் அதற்கு வழியே கிடையாது. அதனால் கொல்லையில் தீ மூட்டி, அங்கேயே அவர் நின்று வாசிக்க, பாடகி கொல்லைக் கதவுக்கு உள்பக்கம் நின்று அவரைப் பார்த்துக்கொண்டு பாட, இந்த இரண்டை மட்டும் முதலில் பதிந்துவிட்டு, நாங்கள் நால்வரும் அதைக் கேட்டுக்கொண்டு அப்புறம் கூடத்தில் சேர்ந்து வாசிப்பதாக இருக்கிறோம். இருபது அடி மைக் கேபிள் கொல்லை வரை எட்டாது என்று போன வாரம்தான் நினைவுக்கு வந்தது, மிச்சமிருக்கிற 32,500இல் முதல் செலவு ஐம்பது அடி கேபிள் இரண்டு.